கோடை விடுமுறையில் சென்னை உயர் நீதிமன்ற இன்டர்ன்ஷிப்: நெல்லையிலிருந்து போகலாமா?

பொருநைப்பெண் | ஏப்ரல் 9, இரவு 10:40

தென் மாவட்டத்து அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, இப்போது மூன்றாம் ஆண்டு. தேர்வு முடிந்த கையோடு மே மாதம் சென்னைக்கு வந்து, உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்யலாம் என்று இருக்கிறேன். கல்லூரி சீனியர் அக்கா ஒருவர் இரண்டு அலுவலகங்களைச் சொல்லியிருக்கிறார். இரண்டிலும் பணம் கிடையாது, வந்து கற்றுக்கொள் என்கிறார்கள். அப்பா தேங்காய் வியாபாரம், தங்கைக்கு இந்த வருடம் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் வீட்டில் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குள் முடியுமா, எங்கே தங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரித் தேர்வையும் தமிழில்தான் எழுதுகிறேன். உயர் நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தானே நடக்கும், நான் அங்கே போய் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.

ஜார்ஜ்டவுன்_ஜூனியர் | ஏப்ரல் 9, இரவு 11:15

தங்கச்சி, முதலில் டிக்கெட் போடாதே. மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. அவசர வழக்குகளுக்கு மட்டும் விடுமுறைக்கால அமர்வு, அதுவும் வாரத்துக்கு ஓரிரு நாள்தான். சீனியர்கள் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். இதைத் தெரியாமல் ஒவ்வொரு வருடமும் வெளியூர்ப் பிள்ளைகள் மே முதல் தேதி பெட்டியோடு வந்து இறங்கி, அலுவலகத்தில் பழைய கட்டுகளுக்குத் தூசி தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஜூன் முதல் வாரம் கோர்ட் திறந்ததும் வா. திறந்த முதல் இரண்டு வாரம், விடுமுறையில் தேங்கியதெல்லாம் ஒன்றாக லிஸ்டில் வரும், காலை பத்தரைக்கு உட்கார்ந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல சமயம் கிடையாது.

மே மாதம்தான் முடியும் என்றால் மேஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும் கிரிமினல் வழக்கறிஞரைப் பிடி. எழும்பூரும் சைதாப்பேட்டையும் மே மாதத்திலும் நடக்கும். ரிமாண்ட், ஜாமீன் எல்லாம் விடுமுறை பார்க்காது.

வைகைக்கரை | ஏப்ரல் 10, காலை 7:05

நான் இதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். எதற்குச் சென்னை? 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வழக்கெல்லாம் மதுரைக்குத்தான் வருகிறது. நாளைக்கு நீங்கள் பாளையங்கோட்டையில் தொழில் செய்யப்போகிறீர்கள் என்றால், உங்கள் கட்சிக்காரருக்கு நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் மதுரை. மூன்று மணி நேரப் பயணம், வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்விடலாம், வாடகை பாதி.

அதைவிட முக்கியம், சாட்சி விசாரணையைப் பார்க்காமல் உயர் நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். கீழ்நிலைச் சிவில் நீதிமன்றமான முன்சீஃப் கோர்ட்டில் விஏஓ கூண்டில் ஏறி, அடங்கல் என்கிற கிராமச் சாகுபடிப் பதிவேட்டைப் பார்த்துச் சாட்சி சொல்வதையும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே அடங்கலை வைத்து அவரைக் குறுக்கு விசாரணை செய்வதையும் ஒரு தடவை பார்த்தால் சாட்சியச் சட்டம் மண்டையில் நிற்கும். அரசின் செயலை எதிர்த்த மனுக்களைக் கேட்கிற ரிட் கோர்ட்டில் அது கிடைக்காது, எல்லாமே சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தின் மேல்தான் நடக்கும்.

ஜார்ஜ்டவுன்_ஜூனியர் | ஏப்ரல் 10, காலை 9:20

வைகை அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே அது இருக்கிறது: ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஒரு வருடத்தில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது, படிப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீடும் பார்க்கிற வழக்கறிஞரிடம் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த வருடம் சென்னை, அடுத்த வருடம் நெல்லை என்று பிரித்துக்கொள்ளலாமே.

ஆனால் சென்னையில் மட்டும் இருக்கிற சில விஷயங்கள் உண்டு. ஒரிஜினல் சைடு என்பது மதுரையில் கிடையாது. இங்கே பெரிய தொகைக்கான சிவில் வழக்கு நேராகவே உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும், மாஸ்டர் கோர்ட்டில் சாட்சியம் பதிவாகும், குறுக்கு விசாரணையும் பார்க்கலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வும் சேப்பாக்கத்தில்தான் இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. ஒரே மாதத்தில் இத்தனையையும் வேறெந்த ஊரில் நடந்துபோய்ப் பார்ப்பாய்?

சேலத்துக்காரன் | ஏப்ரல் 10, மதியம் 1:48

யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் நான்கு வாரம் வந்தேன். டைரியில் எழுதி வைத்த கணக்கு இப்போதும் இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர் அறையில் ஒரு கட்டில் 4,500. சாப்பாடு ஒரு நாளைக்கு 170 வீதம் மாதத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம். வெள்ளைச் சட்டை இரண்டு, கறுப்புப் பேன்ட், ஷூ என்று 2,900. ஜெராக்ஸ் காசு 600 என் கையிலிருந்து போனது, சீனியரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஆக 13,000 தாண்டிவிட்டது, ஊருக்குப் போய்வந்த செலவு தனி. அம்மா கம்மலை அடகு வைத்துத்தான் அனுப்பினார்கள். அதை மீட்க எட்டு மாதம் ஆனது.

அந்த அலுவலகத்தில் என்னோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், மூவருமே சென்னையில் வீடு உள்ளவர்கள், இரண்டு பேருடைய அப்பா வழக்கறிஞர். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நல்ல பிள்ளைகள், ஒருவன் இன்றுவரை நண்பன். ஆனால் யோசித்துப் பாருங்கள், சம்பளமில்லாத வேலையை யாரால் செய்ய முடியும்? சாப்பாட்டுக்கு வீட்டில் வழி இருப்பவனால்தான். அவனுக்குத்தான் சான்றிதழ், அவனுக்குத்தான் அறிமுகம், அப்புறம் ஜூனியர் இடமும் அவனுக்குத்தான். ஒரு சீனியர் ஒரு மாணவருக்கு மதியச் சாப்பாடும் போக்குவரத்துக் காசும் கொடுத்தால் மாதம் நான்காயிரம்கூட ஆகாது. அதைக்கூடக் கேட்கக்கூடாது என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நான் கேட்கச் சொல்கிறேன்.

பழையகட்டு | ஏப்ரல் 10, இரவு 9:30

தம்பி சேலத்துக்காரன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 26 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நானும் பல வருடம் இன்டர்ன்களுக்கு ஒன்றும் கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் கொடுக்கவில்லை, அதனால் அது தவறு என்றே தோன்றாமல் இருந்தது. இப்போது மதியச் சாப்பாடும் ஒரு சிறு தொகையும் கொடுக்கிறேன்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே ஜூனியர் வழக்கறிஞர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை வேண்டும் என்று சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000. ஆனால் அது பதிவு செய்த ஜூனியர்களுக்கு, மாணவர்களுக்கு இல்லை. அதைக் காட்டி யாரிடமும் வாதாட முடியாது. ஆனாலும் சேரும்போதே "ஐயா, வெளியூரிலிருந்து வருகிறேன், சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஏதாவது உதவ முடியுமா" என்று நேராகக் கேள் அம்மா. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. முகம் சுளிக்கிறவரிடம் நான்கு வாரம் இருந்து நீ எதையும் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு அலுவலகத்துக்கும் போன் செய்து, தாக்கலுக்கு என்னை அனுப்புவீர்களா என்று கேள். தாக்கல் பிரிவு, குறை குறித்துத் திருப்பிய மனுவை வாங்குவது (ரிட்டர்ன் என்போம்), திருத்தித் திரும்பக் கொடுப்பது, நம்பர் ஆகிவிட்டதா என்று பார்ப்பது, இதில் உன்னை விடுகிற அலுவலகம்தான் உனக்கு வேண்டியது. சின்ன அலுவலகமாகத்தான் இருக்கும். பெரிய இடத்தில் பன்னிரண்டு இன்டர்ன் உட்கார்ந்து தீர்ப்புகளைத் தேடி அச்செடுத்துக் கொடுப்பார்கள், அதை நீ ஊரில் இருந்தே செய்யலாம்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டாய். அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். தமிழும் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டும் இன்னும் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் படியேறி வருகிற கட்சிக்காரர் தமிழில்தான் பேசுவார். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு எழுத ஆள் வேண்டும். நீ வா.

தென்காசி_அம்மா | ஏப்ரல் 11, காலை 6:30

என் மகளும் சட்டம்தான் படிக்கிறாள், அதனால் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு இருக்கிறேன். பெண் பிள்ளைகள் தங்குவது பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்களேன். மேன்ஷன் என்றால் எங்களுக்கு ஒத்துவராது.

கோட்டை_ஸ்டேஷன் | ஏப்ரல் 11, காலை 8:10

அம்மா, நான் நான்கு வருடமாகச் சைதாப்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். பாரிமுனை பக்கத்திலேயே தங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், அது கடைவீதி, ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டர் விழுந்ததும் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். புறநகர் ரயில் பாதையை ஒட்டி இடம் பாருங்கள்: சைதாப்பேட்டை, மாம்பலம், குரோம்பேட்டை. கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் கோர்ட்டுக்கு நடை. தாம்பரத்திலிருந்தே சீசன் எடுத்தாலும் மாதத்துக்கு இருநூறு ரூபாய்க்குள்தான் வரும், லேடீஸ் பெட்டி இருக்கிறது. மாநகரச் சாதாரணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அவசரத்துக்கு மெட்ரோவில் உயர் நீதிமன்றம் என்றே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் தினமும் அதில் போனால் கையைக் கடிக்கும்.

ஹாஸ்டலில் சேரும்முன் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் தருவார்களா, அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், ராத்திரி எத்தனை மணிக்குக் கதவை அடைப்பார்கள். அட்வான்ஸ் விஷயத்தை எழுதி வாங்குங்கள், நான் வாங்காமல் முதல் ஹாஸ்டலில் இரண்டாயிரம் விட்டேன். ஊரிலிருந்து வரும்போது ரயிலில் வந்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயில் பிடித்துவிடலாம். பஸ் என்றால் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் விடுவார்கள், விடிகாலையில் அங்கிருந்து நகரத்துக்குள் வருவதற்கு இன்னொரு பயணம் போக வேண்டும்.

சாப்பாடு: அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. நான் வேலைக்கு வந்த புதிதில் மாசக் கடைசி வாரம் அங்கேதான். வெள்ளைச் சட்டையோடு அங்கே நிறையப் பேரைப் பார்க்கலாம்.

வைகைக்கரை | ஏப்ரல் 11, காலை 10:02

ஒரிஜினல் சைடு பற்றி ஜூனியர் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஊர் முன்சீஃப் கோர்ட் கட்டாயம், தங்கச்சி. வாக்குக் கொடு.

பொருநைப்பெண் | ஏப்ரல் 12, மாலை 5:25

எல்லோருக்கும் நன்றி. பழையகட்டு ஐயா சொன்ன கேள்வியை இரண்டு அலுவலகத்திலும் கேட்டேன். ஒரு இடத்தில் "அதெல்லாம் குமாஸ்தா வேலை, உனக்கு எதற்கு" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒரு மேடம் சிரித்துவிட்டு, "வா, நடக்க நல்ல செருப்பு எடுத்துக்கொண்டு வா" என்றார். மதியச் சாப்பாடு அலுவலகத்தில், பயணத்துக்கு மாதம் 1,500 தருவதாகவும் சொன்னார். ஜூன் 2ஆம் தேதிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் போட்டுவிட்டேன். வைகை அண்ணா, வாக்குக் கொடுத்தேன்.

ஜார்ஜ்டவுன்_ஜூனியர் | ஏப்ரல் 12, மாலை 6:00

கல்லூரி அடையாள அட்டையும் அனுப்பிய கடிதமும் எப்போதும் பையில் இருக்கட்டும், வாசலில் மத்தியப் படையினர் கேட்பார்கள். வெள்ளை, கறுப்பு, டை. கழுத்துப் பட்டையும் கவுனும் உனக்கு இன்னும் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே காஸ் லிஸ்ட், அதாவது மறுநாள் விசாரிக்கப்படும் வழக்குகளின் பட்டியல், இணையத்தில் வந்துவிடும், உங்கள் அலுவலக வழக்குகளைக் குறித்துக்கொண்டு தூங்கு.

பழையகட்டு | ஏப்ரல் 12, இரவு 8:44

முதல் நாள் அரை மணி நேரம் முன்னால் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார். இந்த நீதிமன்றம் 1862இல் தொடங்கியது, இப்போதைய சிவப்புக் கட்டடம் 1892இல் திறந்தது. உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முந்தைய விளக்கத்தின் கல் தூண் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. கிழக்குச் சுவரில் 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டு விழுந்ததற்கான கல்வெட்டு இருக்கிறது. முத்துசாமி ஐயர் சிலையையும் பார். இங்கே நீதிபதியான முதல் இந்தியர் அவர்தான்.

பொருநைப்பெண் | ஜூன் 14, இரவு 11:30

பத்து நாள் ஆகிவிட்டது. கால் வலிக்கிறது, ஆனால் எழுதாமல் தூக்கம் வராது.

முதல் வாரம் முழுக்க குமாஸ்தா அண்ணாச்சியோடுதான். அவருக்கும் எங்கள் பக்கம்தான் ஊர், கோவில்பட்டி. பக்க எண் போடுவது, டைப்செட் என்கிற தட்டச்சு ஆவணத் தொகுப்பில் எந்த ஆவணம் முதலில் வர வேண்டும் என்பது, கட்டை நூலால் எப்படி இழுத்துக் கட்டினால் நடுவில் தாள் நழுவாது என்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தார். கட்டு போடும்போது அவர் பேச மாட்டார். கட்டைவிரலால் தாள் ஓரத்தை ஒரு தடவை விசிறிப் பார்ப்பார், ஒரு பக்கம் தலைகீழாக இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். ஒரு மனு மூன்று தடவை ரிட்டர்ன் ஆனது, மூன்றாவது தடவை நான் போட்ட பக்க எண் தப்பு. அவர் திட்டவில்லை, மொத்தத்தையும் அவிழ்த்து என்னிடமே கொடுத்தார்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வட மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா, குடும்ப ஓய்வூதிய வழக்கு. கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் காவலாளியாக இருந்தவர். பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் ஏழு பக்கம். கையெழுத்துக்கு முன்னால் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், படித்துக் காட்டியதாக அதிலேயே எழுதியும் இருக்கும். மேடம் கோர்ட்டில் இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு பத்தியாக மனசுக்குள் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாவது பத்தியில் அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "தையில செத்தாருன்னு சொல்றியே பாப்பா. அவரு போனது ஆடிப்பெருக்குக்கு மறுநாளு."

பிப்ரவரி என்று தட்டச்சாகியிருந்தது. இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 04.08. அதை யாரோ 08.02 என்று குறித்து வைத்து, அப்படியே பத்திரத்துக்குள்ளும் போய்விட்டது. அந்த ஆறு மாதம் மாறினால் அவர் விண்ணப்பித்ததே தாமதம் என்று எதிர்த்தரப்பு சொல்லியிருக்கும் என்று மேடம் அப்புறம் சொன்னார். பத்திரத்தைத் திருத்தி மறுபடி அச்செடுத்தோம். இந்த முறை மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதலிலிருந்து நான்தான் மறுபடி படித்துக் காட்டினேன்.

தென்காசி_அம்மா | ஜூன் 15, காலை 5:50

மகளே, இதை என் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன்.

சேலத்துக்காரன் | ஜூன் 15, காலை 9:12

ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிற வளாகத்தில் அந்த அம்மாவுக்கு அந்த ஒரு வரி தமிழில் கேட்க ஒரு ஆள் இருந்தது பார். செலவுக் கணக்கையும் மறக்காமல் எழுது, அடுத்து வருபவர்களுக்கு வேண்டும்.

பொருநைப்பெண் | ஜூன் 27, இரவு 10:05

அண்ணா, கணக்கு: ஹாஸ்டல் சாப்பாட்டோடு 7,500, சீசன், உடுப்பு 2,400 (அக்காவிடம் கறுப்புக் கோட்டு இரவல்), கைச்செலவு எல்லாம் சேர்த்து, அலுவலகம் தந்த 1,500 கழித்து, 10,900. ரயில் தனி.

அந்த ஓய்வூதிய வழக்கு நேற்று அட்மிஷனுக்கு, அதாவது ஏற்பதா என்று பார்க்கிற முதல் விசாரணைக்கு, வந்தது. ஐட்டம் 61. காலையிலிருந்து பலகையில் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மாவும் விடிகாலை பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். மேடம் எழுந்து பேசினார், அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் வாங்கிக்கொண்டார், மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும். வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார், "அவ்வளவுதானா பாப்பா, பென்ஷன் வந்துருமா?" மேடம் பொறுமையாக விளக்கினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வரும் என்று சொல்லவும் முடியவில்லை, வராது என்று சொல்லவும் முடியவில்லை. என் டைரியில் செப்டம்பர் 18ஐக் குறித்து வைத்திருக்கிறேன்.

பழையகட்டு | ஜூன் 27, இரவு 10:50

அம்மா, தேதியைத் திருத்திக்கொள். இப்படிப்பட்ட உத்தரவில் பெரும்பாலும் நகல் கிடைத்த நாளிலிருந்துதான் 12 வாரம் என்று இருக்கும். நகல் கையில் வந்ததும் அதில் எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துப் பார். அலுவலகத்தில் நகல் மனு போட்டாயிற்றா என்று திங்கட்கிழமை போனதும் முதலில் கேள். நகல் வந்ததும் ஒரு கடிதத்தோடு ஒப்புகை அட்டை வைத்து, முடிவெடுக்க வேண்டிய அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அட்டை திரும்பி வந்தால் அதைக் கட்டிலேயே வைக்க வேண்டும். நீ ஊருக்குக் கிளம்பும்முன் இதை முடித்துவிடு.

பொருநைப்பெண் | ஜூன் 30, மதியம் 2:02

கேட்டேன் ஐயா. யாரும் போடவில்லை. இப்போதுதான் நகல் மனு கொடுத்துவிட்டு வருகிறேன், அண்ணாச்சி கூட வந்தார். நான் வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். அட்டை வந்ததும் அதில் உள்ள தேதியை எனக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், அதிலிருந்து எண்ணிக்கொள்கிறேன்.